கோழி வேண்டாம் என்றவள்

மாதம்மாளைக் காட்டிக்கொடுத்தது நான்தான்.

அவளுடைய மருமகள் இல்லை, மகன் இல்லை, ஊர் இல்லை. நான்! மனநலத் திட்டத்தின் பெயர் எழுதிய அரசு ஜீப்பில் போய் இறங்கி, பட்டப்பகலில், அவள் வீட்டு வாசலில் நின்று, அவள் வாழ்நாளெல்லாம் பொத்திப் பொத்திக் காத்த ஒன்றைப் போட்டு உடைத்தேன்.

தெரியாமல் செய்யவில்லை. தெரிந்தே செய்தேன்... இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

நீங்கள் என்னைப் பார்த்திருக்கக்கூடும். தருமபுரிப் பக்கம் மனநலம் பற்றி எங்கே கூட்டம் போட்டாலும் என்னைப் பிடித்து மேடையில் ஏற்றிவிடுகிறார்கள். நன்றாகப் பேசுவேன். நீங்கள் கை தட்டுவீர்கள். அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டு அதியமான்கோட்டைக்குப் பேருந்து ஏறினால் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கும். வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தாலும் அது அங்கேயே இருக்கும்.

இன்று சொல்லித் தொலைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். சொன்னால் இறங்கிவிடுமா? எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் கேளுங்கள்.

நான் மனநல சமூகப் பணியாளர். மருத்துவர் இல்லை, மாத்திரை எழுதித் தரும் உரிமை எனக்கில்லை. மருத்துவர் வாரம் ஒருமுறை ஒவ்வோர் ஊர் அரசு மருத்துவமனைக்கும் வந்து நோயாளிகளைப் பார்ப்பார். அவர்கள் மறுபடி வருகிறார்களா, மாத்திரையை விழுங்குகிறார்களா, வீட்டில் அவர்களை மனிதர்களாக நடத்துகிறார்களா என்று பார்ப்பது என் வேலை. எங்கள் மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. காரிமங்கலத்தைப் போல வாரச்சந்தை கூடும் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது, மருத்துவர் அங்கே வருவது சந்தை நாளில். யார், எப்போது அப்படி வைத்தார்களோ! நீளமான வராந்தாவின் கோடியில், பல் மருத்துவர் அறைக்கு அடுத்து, ஒரு மேசை, சில நாற்காலிகள். பலகை கிடையாது. 'கடைசி ரூம்' என்றுதான் அதற்குப் பெயர்.

சந்தைக்கு வருகிற சனம்தான் கடைசி ரூமுக்கும் வரும். ஆட்டை வெளியே வேப்பமரத்தில் கட்டிவிட்டு வருவார்கள். தேங்காய் மூட்டையை வராந்தாவில் சாய்த்துவிட்டு வருவார்கள். மாத்திரை அட்டைகளை வாங்கியதும் பைக்கு அடியில் போட்டு, மேலே கத்தரிக்காயைக் கொட்டி மூடிக்கொண்டு, சந்தைக் கூட்டத்துக்குள் மறைந்துவிடுவார்கள்.

அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்! சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகிறவர் மறைக்கிறாரா? இரத்தக் கொதிப்புக்காரர் மறைக்கிறாரா? மனம் நோவது மட்டும் என்ன திருட்டா? கத்தரிக்காய்க்கு அடியில் ஒளிக்கும் வரைக்கும் இது உருப்படாது என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவேன். அப்போது எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இப்போதும்தான்.

மாதம்மாளும் அந்தக் கத்தரிக்காய்க் கூட்டத்தில் ஒருத்தி. கத்தரிக்காய் இல்லை, கோழி. நாட்டுக்கோழி வளர்த்துச் சந்தையில் விற்பாள். ஐம்பதை நெருங்கிய வயது, ஒல்லியான உடம்பு, பெரிய குரல். கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேதான் அறைக்குள் வருவாள். அது அவள் கையடியில் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும்.

"அக்கா, கோழிய வெளியில விட்டுட்டு வரக் கூடாதா?" என்பேன்.

"வுட்டா எவனாச்சும் கொழம்பு வெச்சுருவான் மேடம். அப்பறம் நீங்களா குடுப்பீங்க?" என்று மருத்துவருக்கும் கேட்கும்படி சொல்லிச் சிரிப்பாள்.

இப்படிச் சிரிப்பவளுக்கு என்ன நோய் என்று நீங்கள் கேட்கலாம். அவள் காதுக்குள் குரல்கள் கேட்டுக்கொண்டிருந்தன, பல வருடங்களுக்கு முன்பு. மகன் சக்தி கைக்குழந்தையாக இருந்தபோது ஆரம்பித்தது. ஒருநாள் அவளே சொன்னாள், கோழியைத் தடவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

"போ போன்னு யாரோ சொல்லிகிட்டே இருந்தாங்க மேடம். கொழந்தைய பஸ் ஸ்டாண்டுல படுக்க வெச்சுட்டு, நான் பாட்டுக்கு ரோட்டப் புடிச்சு நடந்துட்டன். எங்கூட்டுக்காரருதான் ஓடியாந்து கொழந்தைய எடுத்தாரு, என்னையும் இட்டாந்தாரு. ஒரு வார்த்த திட்டல. ஊருல ஒருத்தருக்கும் சொல்லல. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகிட்டுப் போனாரு."

அன்று தொடங்கிய மாத்திரையை அவள் ஒருநாளும் விட்டதில்லை. குரல்களும் திரும்பவில்லை. கணவர் காலமாகிவிட்டார். மகனுக்குக்கூடத் தெரியாமல் இரகசியம் அவளிடம் மட்டும் மிஞ்சியது. சந்தை நாளில் கோழியோடு புறப்படும் பெண்ணை எவர் கேள்வி கேட்பார்? வாரத்தில் ஒருமுறை சந்தை, மாதத்தில் ஒருமுறை மாத்திரை. கச்சிதமான ஏற்பாடு!

பிறகு சக்திக்குக் கல்யாணம் ஆயிற்று. ஓசூரில் கம்பெனி வேலை, வார விடுமுறைக்கு வருவான். மருமகள் நந்தினி வீட்டோடு இருந்தாள். ஒரு பெண் குழந்தை பிறந்தது. மாதம்மாள் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மருத்துவர் பேனாவை மூடிவைத்துவிடுவார், அவ்வளவு நேரம் ஆகும்.

"எம்மடியில படுத்தாத்தான் தூங்குது மேடம். அவ அம்மா மடியில கூட தூங்கறதில்ல!"

அதைச் சொல்லும்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெற்ற பிள்ளையை எப்போதோ தரையில் கிடத்திவிட்டு நடந்த கைகள் அவை... அந்தக் கைகளை நம்பி ஒரு குழந்தை தூங்குகிறது. அதற்கு மேல் அவளுக்கு உலகத்தில் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

"மருமவளுக்குத் தெரிஞ்சுதுன்னா கொழந்தைய எங்கிட்ட குடுக்க மாட்டா. அது ஒண்ணுதான் பயம் எனக்கு. செத்தாக்கூட பயமில்ல, மேடம்."

இதை என்னிடம்தான் சொன்னாள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். மறந்துவிட்டேன் என்று நான் சாக்குச் சொல்ல முடியாது, பாருங்கள்.

அடுத்து என் சீர்திருத்தத்துக்கு வருகிறேன்.

மனநலத்துக்குத் தனிக் கட்டடம் வேண்டும் என்று நான்தான் எழுதினேன், நான்தான் அலைந்தேன், நான்தான் அதிகாரிகளிடம் சண்டை போட்டேன். நோயாளிகள் பல்லைப் பிடுங்கும் அறைக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருப்பது அவமானம் என்றேன். மின்விசிறி வேண்டும், குடிநீர் வேண்டும், தனியாக உட்கார்ந்து பேச ஓர் அறை வேண்டும் என்றேன். சந்தை நாளில் கூட்ட நெரிசல். ஒரு நோயாளியோடு நிதானமாகப் பேச முடிவதில்லை. ஆகவே நாளையும் மாற்றி வெள்ளிக்கிழமை ஆக்க வேண்டும் என்றேன். எல்லாம் நியாயமான கோரிக்கைகள்! இன்றும் அவற்றில் ஒன்றையும் தவறு என்று சொல்ல என்னால் முடியவில்லை. அதுதான் கொடுமை.

நாள் மாறப்போகிறது என்று தெரிந்ததும் மாதம்மாள் என்னைத் தேடி வந்தாள்.

"நாள மட்டும் மாத்தாதீங்க மேடம். சந்தைன்னா வூட்ல ஒண்ணும் கேக்க மாட்டாங்க. வெள்ளிக்கெழம எங்க போறன்னு நான் சொல்லுவன்?"

"ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லுங்கக்கா. திருடவா போறீங்க?"

"உங்களுக்கு வெளையாட்டா இருக்குது."

"எத்தன நாளைக்கு ஒளிஞ்சுகிட்டே இருப்பீங்க? நீங்க சொன்னாத்தான அவங்களுக்கும் புரியும்?"

அவள் கோழியின் இறக்கையைச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டாள். நான் நல்லதொரு பாடம் நடத்திவிட்ட திருப்தியோடு தேநீர் குடிக்கப் போனேன். அடடா, என்ன திருப்தி!

கட்டடம் எழுந்தது. பேருந்தில் போகிறவர்களும் படிக்கும்படி பெரிய எழுத்தில் 'மனநலப் பிரிவு' என்று பலகை வைத்தோம். எழுத்தின் அளவைக்கூட நான்தான் சொன்னேன். திறப்பு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

புதிய கட்டடத்துக்கு மாதம்மாள் ஒரே ஒருமுறை வந்தாள். பழக்கம் விடாமல் கோழியையும் கொண்டுவந்திருந்தாள். பேருந்து நிறுத்தத்தில் ஒருத்தி, "சந்தையில்லாத நாளுல கோழியத் தூக்கிகிட்டு எங்க போற?" என்று கேட்டுவிட்டாளாம். ஏதோ சொல்லிச் சமாளித்து, முன்வாசலில் நுழையாமல் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, குப்பை எரிக்கும் பக்கமாக வந்திருந்தாள். கால்மேல் சாம்பல் படிந்திருந்தது.

பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லையே!

அதோடு அவள் வரவில்லை. அவள் மட்டுமா? கடைசி ரூமுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் வரவில்லை. மின்விசிறிகள் காலி நாற்காலிகளுக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை மருத்துவர் அந்தக் கூடத்தைச் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "என்னம்மா, வூடு பெருசாக் கட்டிட்ட. விருந்தாளியத்தான் காணோம்?" என்று கேட்டுச் சிரித்தார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. மறுநாளே ஜீப்பைக் கேட்டு வாங்கினேன். வராதவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பது திட்டத்திலேயே உள்ளதுதான். ஆனால் நான் அன்று அக்கறையில் போகவில்லை. கோபத்தில் போனேன். இந்த வித்தியாசம் எனக்கு மட்டும்தான் தெரியும், இப்போது உங்களுக்கும்.

ஊருக்குள் ஜீப் நுழைந்ததும் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாதம்மாள் வீட்டுக்கு வழி கேட்டேன். ஜீப்பின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படித்தபடியே ஒருவர் வழி சொன்னார். ஓட்டுநர் ஜீப்பைப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டுக் கைபேசியை எடுத்துக்கொண்டார். நான் இறங்கி நடந்தேன்.

நந்தினி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சின்னப் பெண், இருபதைத் தாண்டி ஒன்றிரண்டு வயது இருக்கும். மாதம்மாள் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. தூங்கிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் மாதம்மாளின் முகம் வெளிறிப்போனது. ஒரு கணம்தான். உடனே அந்தப் பெரிய குரல் எழுந்தது:

"அட, வாங்க மேடம்! கோழி வேணும்னு சந்தையில சொன்னீங்களே! எடுத்து வெச்சிருக்கறன், நல்ல பெட்டக்கோழி. நந்தினி, அந்தக் கூடைய நகத்தி, செவப்புக் கோழியப் புடிச்சுகிட்டு வாம்மா!"

என்ன சாமர்த்தியம்! காதில் குரல் கேட்டவள், மாத்திரை இல்லாமல் மாதங்களைத் தள்ளியவள், ஒரு நொடியில் எனக்கு ஒரு பாதை போட்டுக் கொடுத்துவிட்டாள். அவள் வாய் சிரித்தது. கண்கள் கெஞ்சின. நான் பார்த்தேன். ஐயோ, பார்த்தேனே... அந்தக் கண்களுக்கு அர்த்தம் தெரியாமல் இல்லை எனக்கு.

நான் செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றுதான். 'ஆமாக்கா, எங்க காட்டுங்க' என்று சொல்லியிருந்தால் போதும். கோழியை வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் மாத்திரையை அவள் கையில் திணித்துவிட்டு வந்திருக்கலாம். அன்று என் பையில் மாத்திரை இருந்தது, தெரியுமா? அவளுக்கென்றே எடுத்துப் போயிருந்தேன்.

ஆனால் எனக்குள் ஏதோ வெறி ஏறியிருந்தது. இவளும் நடிக்கிறாள், என்னையும் நடிக்கச் சொல்கிறாள் என்று தோன்றியது. இவளைப் போன்றவர்களால்தான் என் கட்டடம் காலியாகக் கிடக்கிறது! இவளுக்காக நான் நாயாக அலைந்தேன், இவளோ கோழிக் கதை சொல்கிறாள்!

"கோழியெல்லாம் வேண்டாம், மாதம்மாள்," என்றேன். என்றும் அக்கா என்பவள் அன்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "மூணு மாசமா மாத்திர வாங்க ஏன் வரல? மனநல மாத்திரைய இப்படித் திடீர்னு நிறுத்தக் கூடாதுன்னு எத்தன வாட்டி சொல்லியிருக்கேன்?"

கூடையை நகர்த்தப்போன நந்தினி அப்படியே நின்றாள்.

மாதம்மாளின் சிரிப்பு மட்டும் முகத்தில் எடுக்க மறந்ததுபோல் அப்படியே இருந்தது. கை தானாகக் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

"என்ன மாத்திர, மேடம்?" என்று நந்தினி கேட்டாள். "எங்க அத்தைக்கு என்ன?"

சொன்னேன். விளக்கமாகச் சொன்னேன். மேடையில் பேசுவது போலவே அழகாகச் சொன்னேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, மூளையில் நடக்கும் மாற்றம், சர்க்கரை நோய் மாதிரிதான்... அத்தனையும் உண்மை. அந்தப் பெண் எதையும் காதில் வாங்கவில்லை. அவள் கண் மாமியாரின் மடியை விட்டு நகரவில்லை. முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கொழந்தைய ஏதாச்சும் பண்ணிருவாங்களா, மேடம்?"

மாட்டார்கள்! ஒரு சொல். அதைச் சட்டென்று சொல்லியிருக்க வேண்டாமா? எனக்கு அப்போது பேருந்து நிலையத்தில் கிடத்தப்பட்ட குழந்தை நினைவுக்கு வந்து தொலைத்தது. தயங்கினேன். பிறகு, "மாத்திர ஒழுங்காச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதும்மா," என்றேன்.

மூன்று மாதமாகச் சாப்பிடவில்லை என்று அதற்குச் சற்று முன்னால்தான் அதே வாயால் சொல்லியிருந்தேன்.

நந்தினி கையைத் துடைத்துக்கொண்டு போய், மாமியாரின் மடியிலிருந்து குழந்தையை எடுத்தாள். பிடுங்கவில்லை. மெல்லத்தான் எடுத்தாள். தூக்கம் கலைந்த குழந்தை வீறிட்டு அழுதது. மாதம்மாளின் கை கொஞ்ச நேரம் வெறும் மடியைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு நின்றது.

மாத்திரையைத் தரையில் வைத்துவிட்டு நான் ஜீப்பில் ஏறினேன். கடமையைச் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். பாதி வழியில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றேன். ஓட்டுநர் கேட்டதற்கு வெயில் என்றேன்.

அந்த வாரமே நந்தினி குழந்தையோடு நல்லம்பள்ளிப் பக்கம் உள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். சக்தி வந்து அம்மாவிடம் கத்தியிருக்கிறான். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கத்தியிருக்கிறான். மாதம்மாள் நான் வைத்துவிட்டு வந்த மாத்திரையைத் தொடவே இல்லை. கிராம சுகாதாரச் செவிலியரைவிட்டுக் கேட்கச் சொன்னேன். அவரிடம் சொன்னாளாம்: "மாத்திர சாப்புட்டாத்தான பைத்தியம்னு சொல்லுவீங்க? நான் சாப்புடல. எனக்கு ஒண்ணுமில்லன்னு எம்மருமவகிட்ட போய்ச் சொல்லுங்க."

நானே போயிருக்க வேண்டும். போகவில்லை. அவள் முகத்தைப் பார்க்கப் பயம். வேலை இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, ஜீப் இல்லை... காரணங்களுக்கா பஞ்சம்?

ஒருநாள் மாதம்மாள் அந்தச் சிவப்புக் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நல்லம்பள்ளிப் பக்கம் போனாள். பேத்தியைப் பார்க்க. சம்பந்தி வீட்டில் கதவைத் திறக்கவில்லை. உச்சி வெயிலில் நெடுநேரம் நின்றாள். பிறகு அங்கிருந்து திரும்பியவள் வீடு வந்து சேரவில்லை.

அந்தப் பழைய குரல் மறுபடி வந்து 'போ போ' என்று சொல்லியிருக்கும். இல்லை, அது குரலே இல்லாமல்கூட இருக்கலாம். எந்த நோயும் இல்லாத ஒருத்திகூட அந்த வாசலிலிருந்து அப்படித்தான் நடந்து போயிருப்பாள்.

மருத்துவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "நல்லா இருந்த பேஷண்ட் ஆச்சே. என்ன ஆச்சு?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"வீட்ல மருமக சரியில்ல சார்," என்றேன்.

அவ்வளவு எளிதாக வந்தது அது! மருமகள் சரியில்லை என்றால் நம் நாட்டில் யார் மறுத்துக் கேட்கப்போகிறார்கள்? மருத்துவர் தலையை ஆட்டினார். அந்தப் பேச்சு செவிலியர் வழியாக ஊருக்குப் போனது. ஊர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மாமியாரைப் பைத்தியம் என்று துரத்திவிட்டவள் என்ற பெயர் நந்தினிக்கு நிலைத்துவிட்டது.

அவள் ஒருமுறை குழந்தையோடு என்னைத் தேடி வந்தாள். நடக்கப் பழகியிருந்தது குழந்தை.

"நானா மேடம் தொரத்துனன்? பயந்துகிட்டுத்தான அம்மா வூட்டுக்குப் போனன்? நாலு நாளு பொறுத்து வந்துருப்பன். எல்லாரும் என்னத்தான் சொல்றாங்க, இவரும் மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. நீங்க ஒரு வார்த்த ஊருல வந்து சொல்லுங்க மேடம். என்ன நடந்துதுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் முழுதாகத் தெரியும்.

"பாக்கலாம்மா," என்றேன். அவள் அழுதுகொண்டே போனாள். நான் பார்க்கவில்லை, இன்றுவரைக்கும்.

நீங்கள் கேட்கலாம்: அப்படி என்னம்மா உனக்கு மறைப்பதன்மேல் அவ்வளவு வெறுப்பு? சொல்கிறேன். எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார். எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தார். விருந்தாளி வந்தால் அந்த அறைக்குப் பூட்டு விழும். பள்ளித் தோழிகள் உள்ளே யார் என்று கேட்டால் நெல் மூட்டை என்பேன். அவர் தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் யாருமில்லாமல் செத்துப்போனார். அதனால்தான் இந்தப் படிப்பைப் படித்தேன். மேடையில் இதைச் சொன்னால் நிறையப் பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள் என்று தெரியும். ஆனாலும் சொன்னதில்லை.

ஏன் தெரியுமா? என் புகுந்த வீட்டில் யாருக்கும் அவரைப் பற்றித் தெரியாது. சித்தப்பா கம்பெனி வேலைக்குப் போன இடத்தில் விபத்தில் இறந்தார் என்று கல்யாணப் பேச்சின்போது அப்பா சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். என் கணவருக்கு இன்றைக்கும் அதுதான் தெரியும். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அவர்களுக்கு நாளைக்கு வரன் பார்க்க வேண்டுமே!

பார்த்தீர்களா? எனக்கு ஒரு விபத்து. அவளுக்கு ஒரு கோழி. என் பொய்யை நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன். அவள் பொய்யைத்தான் வாசலில் வைத்து உடைத்தேன். என்ன திமிர் எனக்கு!

கதை இன்னும் இருக்கிறது. மாதம்மாள் காணாமல் போன பிறகு, மருத்துவமனையின் மனநல நாளை மறுபடி சந்தை நாளுக்கே மாற்றும்படி நானே எழுதிக் கேட்டேன். முன்புறப் பலகையைச் சிறிதாக்கினேன். கட்டடத்தை வேறு இரண்டு பிரிவுகளோடு சேர்த்துவிட்டேன். யார் எதற்கு வருகிறார்கள் என்று இப்போது வெளியிலிருந்து தெரியாது. கூட்டம் திரும்பி வந்துவிட்டது. ஆடுகள் வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டன. மற்ற வட்டங்களிலும் இதையே செய்யலாம் என்று பேசுகிறார்கள். மக்களின் மனமறிந்து திட்டத்தைச் சீரமைத்தவர் என்று அதற்கும் எனக்கொரு பொன்னாடை போட்டார்கள்!

'இந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்தது மேடம்?' என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்கிறார்கள். அனுபவம் என்று சொல்கிறேன். எவளுடைய அனுபவம் என்று சொல்வதில்லை.

மாதம்மாள் கிடைத்துவிட்டாள். நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றின் பின்னால், சடை பிடித்த தலையோடு உட்கார்ந்திருந்தவளைக் காவலர்கள் மீட்டு, மறுவாழ்வு இல்லம் ஒன்றில் சேர்த்தார்கள். ஆளை அடையாளம் காட்ட என்னைத்தான் அழைத்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தாள். கக்கம் மட்டும் எதையோ இடுக்கிப் பிடித்ததுபோல் இறுகியிருந்தது. குளிப்பாட்டும்போதுகூட அந்தக் கையை விரிக்கவில்லை என்றார்கள்.

இப்போது தேறிவிட்டாள். மாத்திரை சாப்பிடுகிறாள். குரல்கள் இல்லை. சக்தி எப்போதாவது வந்து பார்க்கிறான். வீட்டுக்கு அழைத்துப்போக நந்தினி வீட்டில் சம்மதிக்கவில்லை என்கிறான். பேத்தியைப் பற்றி அவள் கேட்பதே இல்லை. அந்தப் பெரிய குரல் போய்விட்டது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள்.

மாதந்தோறும் அந்த இல்லத்துக்குப் போவதும் என் வேலையில் சேர்ந்ததுதான். எல்லோரிடமும் பேசுவேன். அவளிடம் மட்டும் 'சாப்பிட்டீங்களா, தூங்கறீங்களா' என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அன்று நடந்ததைப் பற்றி அவள் ஒன்றும் சொன்னதில்லை. மறந்துவிட்டாளோ என்று ஆசைப்பட்டேன். நோய் எத்தனையோ பேருக்கு எதையெதையோ மறக்கடிக்கிறதே, இதை மறக்கடிக்கக் கூடாதா?

சென்ற மாதம் போனபோது அவள் முற்றத்து வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், அன்றைக்கு உட்கார்ந்திருந்தது போலவே. மடி காலியாக இருந்தது. பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அந்த வார்த்தை வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்துவிட்டது. அன்றைக்கு அந்த வாசலில் நான் சொல்லியிருக்க வேண்டியது...

"அக்கா," என்றேன். "கோழி வேணும்னு சொன்னேனே... எடுத்து வெச்சிருக்கீங்களா?"

அவள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தக் கண்களில் கோபம் இல்லை. கெஞ்சலும் இல்லை.

"நீங்கதான் வேணாம்னுட்டீங்களே, மேடம்," என்றாள்.